கடலூர்ப் பக்கம் இரண்டு போர்வெல், இரண்டு விதமான மண் வரிசை: எதை வைத்து ஒப்பிடுவது?

முந்திரிக்காட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். நான் புவியியல் படித்தவன் இல்லை, விவசாயம்தான். குள்ளஞ்சாவடிக்கு மேற்கே எங்கள் முந்திரித் தோப்பில் போன வருஷம் போர் போட்டோம். ரிக்கிலிருந்து வந்த மண்ணை இருபது அடிக்கு ஒரு தடவை சும்மா ஒரு ஆர்வத்தில் அள்ளி, பையில் போட்டு, ஆழம் எழுதி வைத்தேன். இப்போது ஆலப்பாக்கம் பக்கம் மச்சான் நிலத்திலும் போர் போட்டார்கள், அங்கேயும் போய் அதே மாதிரி எடுத்தேன். இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் 14 கிலோமீட்டர்தான். ஆனால் வரிசை கொஞ்சம்கூட ஒத்துப்போகவில்லை.

எங்கள் தோப்பில் 60 அடி வரைக்கும் செம்மண்ணும் சரளையும். அதற்குக் கீழே 180 அடி வரை சிவப்பும் மஞ்சளுமாகப் பருமணல். 180இலிருந்து 230 வரை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைக் களி, கையில் ஒட்டினால் போகாது. 230 தாண்டியதும் கருப்பாகக் கரித்துண்டு போல வந்தது, 260 வரைக்கும். அப்புறம் வெள்ளை மணல், நல்ல தண்ணீர், 340இல் நிறுத்திவிட்டோம்.

மச்சான் நிலத்தில் மேலே 50 அடிக்கு மணலும் களியும் கலந்து, அதில் சிப்பி உடைசல்கள். 110 வரை கருங்களி. அதன்பிறகு 400 அடி வரைக்கும் சாம்பல் வெள்ளையில் மணல், இடையிடையே களி. 400இல் வெள்ளைக் களி ஆரம்பித்தது. 450 வரை அதே களி வந்துகொண்டே இருந்ததால் போதும் என்று நிறுத்திவிட்டு, மேலே இருந்த மணலிலேயே ஃபில்டர் பைப் வைத்துவிட்டார்கள். சிவப்பு மணல் ஒரு பிடிகூட வரவில்லை. கரியும் இல்லை.

என் கேள்வி இதுதான். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இரண்டு இடத்தில் அடுக்கு இப்படி மாறுமா, இல்லை நான் மண் எடுத்த விதத்தில் தப்பா? இதை முறையாகப் படிக்க வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும்? பைகள் எல்லாம் இன்னும் மாட்டுக்கொட்டகையில்தான் இருக்கின்றன.

ரிக்_தம்பி:

அண்ணே, பதினோரு வருஷமாக ரோட்டரி ரிக்கில் இருக்கிறேன், உங்கள் பக்கத்திலும் நிறைய போட்டிருக்கிறோம். முதலில் நீங்கள் எடுத்த மண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அதில்தான் பாதி ஏமாற்று இருக்கிறது.

பிட், அதாவது பைப் நுனியில் இருக்கிற வெட்டும் தலை, 200 அடியில் வெட்டுகிற மண் அந்த நிமிஷமே மேலே வந்துவிடாது. சேற்றுத் தண்ணீரோடு சேர்ந்து ஏறி வர வேண்டும். பம்பு எவ்வளவு தள்ளுகிறது, குழி எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்து ஐந்து நிமிஷமும் ஆகும், பத்து நிமிஷமும் ஆகும். அதற்குள் பிட் இன்னும் கீழே போயிருக்கும். நீங்கள் பைப்பைப் பார்த்து 200 என்று எழுதியிருப்பீர்கள், கையில் இருப்பதோ 185இல் வெட்டியதாக இருக்கும். பருமணல் ஏறுவதற்குச் சுணங்கும், களி கரைந்து சேறாகவே போய்விடும். இதெல்லாம் போதாதென்று மேலே இருக்கிற மணல் பக்கவாட்டில் சரிந்து விழுந்து கூடவே வரும். அதனால் ஒரு பையில் ஐந்து விதமான மண் இருந்தால், அந்த ஆழத்தில் ஐந்தும் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. எது புதிதாக வர ஆரம்பித்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒன்று நின்று போனதை வைத்து முடிவு பண்ணக்கூடாது.

நாங்கள் மண்ணைப் பார்ப்பதைவிட ரிக்கைத்தான் பார்ப்போம். களிக்குள் போனால் பிட் வழுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போகும், மணலில் தடதடவென்று பைப் ஆடும், சுக்கான் கல் வந்தால் ரிக்கே குதிக்கும். ஒவ்வொரு 20 அடி பைப்பும் இறங்க எத்தனை நிமிஷம் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதினாலே போதும், அடுக்கு மாறின இடம் பல்லைக் காட்டிவிடும். பருமணலில் சில நேரம் குழியில் சேறு திடீரென்று இறங்கும், அதையும் குறித்து வையுங்கள், தண்ணீர் ஓடும் இடம் அதுதான். அடுத்த தடவை ஆபரேட்டரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

சுத்தியல்_பெரியவர்:

தம்பி ரிக் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. நான் பணியில் இருந்தபோது குப்பிகளில் வரும் மாதிரிகளைவிட ட்ரில்லர் நோட்டைத்தான் முதலில் கேட்டு வாங்குவேன். ஆனால் முந்திரிக்காட்டான் கேட்ட கேள்விக்கு மாதிரி எடுத்ததில் உள்ள பிழை மட்டும் காரணம் இல்லை. பத்துப் பதினைந்து அடி தள்ளி எழுதியிருந்தாலும் 180க்கும் 400க்கும் உள்ள வித்தியாசம் வராது.

முதல் விஷயம், நிறத்தை ஒதுக்கி வையுங்கள். உங்கள் தோப்பில் இருப்பது கடலூர் மணற்பாறை. அது சிவப்பாகப் படிந்தது இல்லை. மேலே வெயிலும் மழையும் காற்றும் படுகிற ஆழம் வரைக்கும் அதில் இருக்கிற இரும்பு துருப்பிடித்துச் சிவப்பாகியிருக்கிறது, அவ்வளவுதான். அதே பாறை கிழக்கே தண்ணீருக்கு அடியில் காற்றுப் படாமல் கிடந்தால் வெள்ளையாகவும் சாம்பலாகவும்தான் இருக்கும். மச்சான் நிலத்தில் 110க்குக் கீழே வந்த சாம்பல் மணலைக் கழுவி, உங்கள் சிவப்பு மணலையும் கழுவி, பத்து மடங்கு லென்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணியின் பருமன், முனை மழுங்கியிருக்கிறதா கூராக இருக்கிறதா, வெள்ளையாக மாவாகிப்போன ஃபெல்ஸ்பார் என்ற கனிமத் துணுக்கு இருக்கிறதா, இவைதான் அடையாளம். துரு ஒரு சட்டை மாதிரி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று கலர் பென்சிலால் மூன்று பாறையாக வரைந்து கொண்டுபோய் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டவன், அதனால் சொல்கிறேன்.

இரண்டாவது, நீங்கள் இரண்டு போரையும் தரையிலிருந்து அளந்து ஒப்பிடுகிறீர்கள். தரையே ஒரே மட்டத்தில் இல்லையே. முந்திரித் தோப்பு மேட்டில் இருக்கிறது, ஆலப்பாக்கம் கடலோரம். இரண்டு இடமும் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

முந்திரிக்காட்டான்:

ஐயா, போன் ஆப்பில் பார்த்தேன். தோப்பு ஏறத்தாழ 130 அடி, மச்சான் நிலம் 15 அடி என்று காட்டுகிறது. ஆப்பை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

சுத்தியல்_பெரியவர்:

பத்து இருபது அடி முன்னே பின்னே இருக்கும், இந்தக் கணக்குக்குப் போதும். கழித்துப் பாருங்கள். தோப்பில் வெள்ளைக் களியின் தலை 180 அடியில். 130இல் 180ஐக் கழித்தால் கடல் மட்டத்துக்கு 50 அடி கீழே. மச்சான் நிலத்தில் 15இல் 400ஐக் கழித்தால் 385 அடி கீழே. இரண்டும் ஒரே களி என்றால் 14 கிலோமீட்டரில் 335 அடி இறங்கியிருக்கிறது, கிலோமீட்டருக்கு 24 அடி. கோணமாகச் சொன்னால் அரை டிகிரிகூட இல்லை. ஒரு மேசையை அரை டிகிரி சாய்த்தால் கண்ணுக்குத் தெரியாது, கோலிக்குண்டு மட்டும்தான் கண்டுபிடிக்கும்.

இந்தக் கரையோரச் சமவெளி முழுக்க இப்படித்தான். மேற்கே உளுந்தூர்பேட்டைப் பக்கம் பழைய கருங்கல் பாறை தரையிலேயே தெரிகிறது. கிழக்கே வர வர அது உள்ளே இறங்கிக்கொண்டே போகிறது, அதன் முதுகின் மேல் ஒவ்வொரு படிவாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. மேற்கே தரையில் தெரிகிற அடுக்குதான் கிழக்கே நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே. அதன் மேல் கடைசியாக ஆறு கொண்டுவந்த வண்டலும் கடல் விட்டுப்போன மணலும், மச்சான் நிலத்தின் மேல் 110 அடி அநேகமாக அதுதான். சிப்பி வந்ததும் அங்கேதான் பாருங்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுக்கு முன் கடல் இப்போதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஆறுகள் அந்த மட்டத்துக்குப் பள்ளம் வெட்டின. கடல் திரும்ப ஏறியபோது அந்தப் பள்ளங்கள் எல்லாம் களியாலும் மணலாலும் நிரம்பின. அந்த நிரப்பு உங்கள் மேட்டில் இல்லவே இல்லை, அதனால் அதைத் தோப்பின் எந்த அடுக்கோடும் பொருத்தப் பார்க்காதீர்கள்.

அந்தக் கரி பற்றி. நெய்வேலி உங்களுக்குப் பக்கம்தானே. பழுப்பு நிலக்கரிக்கு மேலே மணற்பாறை, களி, கீழே மறுபடி நீர் நிறைந்த மணல் என்பதுதான் அங்கேயும் வரிசை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கருப்பாக ஏதோ சேர்ந்து வந்ததுதான் அந்தச் சுரங்கத்தின் கதைக்கே தொடக்கம், நீங்களும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் கருப்பாக வருவதெல்லாம் நிலக்கரி இல்லை, தாவர மக்கு கலந்த கருங்களியும் அப்படித்தான் இருக்கும். ஒரு துண்டை நிழலில் காயவைத்து அடுப்பில் போடுங்கள். நிலக்கரி என்றால் பிடித்து எரியும், களி என்றால் சுட்ட ஓடு மாதிரி கட்டியாக நிற்கும். மச்சான் போரை நிறுத்திய இடத்துக்குக் கொஞ்சம் கீழே அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சதுப்புக் காடு இருந்த இடத்தில்தான் நிலக்கரி, அந்தக் காடு கடற்கரை முழுக்கச் சீராக வளர்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன.

பாறைப்_பைத்தியம்:

நான் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். தாத்தா சொன்னதில் ஒரு சந்தேகம். இடையில் பிளவு இருந்து ஒரு பக்கம் இறங்கியிருந்தாலும் இதே மாதிரி வரலாம் இல்லையா? காவிரிப் படுகையே இந்தியாவும் அண்டார்க்டிகாவும் பிரிந்தபோது கிழிந்து உண்டான பள்ளம்தான். அடியில் மேடும் பள்ளமுமாகக் கட்டம் கட்டமாக உடைந்து கிடக்கிறது, கும்பகோணம் - மாதானம் மேடு ஒன்று, அரியலூர் - புதுச்சேரிப் பள்ளம் ஒன்று என்று பாடத்தில் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல ஆசை. எண்ணெய்க் கிணறு தோண்டியவர்கள் அடியில் உள்ள பாறைகளுக்கு நம் ஊர்ப் பெயர்களாக வைத்திருக்கிறார்கள். புவனகிரி, குடவாசல், நன்னிலம், காரைக்கால், நிரவி, திட்டச்சேரி, பரங்கிப்பேட்டையைப் போர்ட்டோநோவோ என்று. குடவாசல் களிப்பாறைக்கு மேலே நன்னிலம் என்று பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணும்போது பஸ் ரூட் மாதிரியே இருந்தது.

சுத்தியல்_பெரியவர்:

வாங்கம்மா. பிளவு இருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீ சொல்கிற உடைப்புகள் கிரெட்டேசியஸ், அதாவது டைனோசர்களின் கடைசிக் காலத்துப் படிவுகளை அடியில் பெரிதாக ஆட்டியவை, மேலே வர வர அவற்றின் வேகம் குறைந்துவிடுகிறது. அரை டிகிரிச் சரிவே போதும் என்கிற இடத்தில் பிளவை இழுத்து வந்தால், அதை நிரூபிக்கிற வேலை உன் தலையில். இரண்டு போரை வைத்துக்கொண்டு ஒரு கோடு போடலாம், அவ்வளவுதான். அது சரிவா, படிக்கட்டா என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது. சரிவு எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரியாது, ஏனென்றால் மெய்யான சரிவு தென்கிழக்கே இருந்து நாம் கிழக்கே அளந்திருந்தால் குறைத்துத்தான் காட்டும். ஒரே கோட்டில் இல்லாத மூன்றாவது போர் ஒன்று வேண்டும். மூன்றிலும் களியின் தலை கடல் மட்டத்துக்கு எவ்வளவு கீழே என்று தெரிந்தால் சரிவின் திசையும் அளவும் வரைபடத் தாளிலேயே வந்துவிடும். நடுவில் நான்காவது ஒன்று கிடைத்து, அதில் களி கணக்குப்படி வர வேண்டிய ஆழத்தில் வராமல் தாண்டியிருந்தால், அப்போது பிளவைப் பற்றிப் பேசலாம்.

நாகை_தெற்கு:

இந்தப் பேச்சைப் பார்த்ததும் எங்கள் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. பழைய மணல் மேட்டின் மேல் வீடும் தென்னையும், மேட்டுக்கு இரண்டு பக்கமும் தாழ்வு. மேட்டில் ஊற்றுத் தோண்டினால் பத்து அடியில் குடிக்கிற தண்ணீர், தாழ்வில் கால் வைத்தாலே உப்பு. ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்று ஒருவர் சொல்லி, துளை போட்டு, கருவியைக் குழிக்குள் இறக்கி ஆழத்துக்கு ஆழம் மின்தடையை அளக்கிற மின்சார லாக் எடுத்துப் பார்த்தார்கள். 300 அடி வரைக்கும் மின்தடை குறைவாக இருக்கிறது, எல்லாம் களி, தண்ணீர் தேறாது என்று சொல்லி மூடிவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் பக்கத்துக் கொல்லையில் போட்டபோது 140 அடியிலேயே அருமையான பருமணல் வந்தது. தண்ணீர் மட்டும் கடல் தண்ணீரைவிட உப்பு. அப்போதுதான் புரிந்தது, உப்புத் தண்ணீர் ஊறிய மணலும் களியும் அந்தக் கருவிக்கு ஒரே மாதிரிதான் தெரியும் என்று.

இது ஏன் என்று யாராவது விளக்கமாகச் சொல்வீர்களா?

பாறைப்_பைத்தியம்:

இதை நான் சொல்கிறேன், போன மாதம்தான் படித்தோம். மின்தடை லாக் பாறையை நேராகப் பார்ப்பதில்லை, பெரும்பாலும் அதன் துவாரத்தில் இருக்கிற தண்ணீரைத்தான் பார்க்கிறது. மணல் மணி மின்சாரத்தைக் கடத்தாது, உப்புத் தண்ணீர் நன்றாகக் கடத்தும், நல்ல தண்ணீர் அவ்வளவாகக் கடத்தாது. அதனால் நல்ல தண்ணீர் மணல் என்றால் மின்தடை அதிகம். உப்பு மணலில் மின்தடை விழுந்துவிடும். களியும் தன் பங்குக்குக் கடத்தும், அதனால் அதிலும் குறைவு. இரண்டையும் பிரிக்கக் காமா லாக் வேண்டும். களியில் பொட்டாசியமும் தோரியமும் கூடுதலாக இருப்பதால் இயற்கையான காமாக் கதிர்வீச்சு அதிகம், சுத்தமான மணலில் குறைவு. அதற்குத் தண்ணீர் உப்பா நல்லதா என்ற கவலையே இல்லை. காமா குறைவு, மின்தடையும் குறைவு என்றால் உப்பு மணல். காமா அதிகம், மின்தடை குறைவு என்றால் களி. காமா குறைவு, மின்தடை அதிகம் என்றால் அங்கே பைப்பைப் போடலாம்.

ரிக்_தம்பி:

ஆனால் அக்கா, மின்தடை லாக்கைக் கேசிங் பைப் இறக்குவதற்கு முன்னாலேயே, குழியில் சேறு நிரம்பி இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். நிறையப் பேர் பைப்பெல்லாம் இறக்கிவிட்டு, சாவகாசமாக லாக் எடுக்கலாமா என்று போன் பண்ணுகிறார்கள். பைப்புக்கு வெளியே இருக்கிற மண்ணை மின்சாரம் எப்படிப் பார்க்கும்? காமா மட்டும் பிவிசி பைப்புக்குள்ளிருந்தும் எடுக்கலாம், கொஞ்சம் மங்கலாக வரும்.

முந்திரிக்காட்டான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை. ஐயா, தோப்பில் அந்தக் கரிக்குக் கீழே போனதும் தண்ணீர் குழியில் மேலே ஏறி நின்றது. ஆபரேட்டர் இங்கே எப்போதும் அப்படித்தான் என்றார். அதுவும் இந்தச் சரிவோடு சம்பந்தப்பட்டதா?

சுத்தியல்_பெரியவர்:

நேரடியாகச் சம்பந்தம். மேற்கே மேட்டில் மணற்பாறை வெளியே தெரிகிற இடத்தில் மழைத் தண்ணீர் இறங்குகிறது. அது சரிவோடு கிழக்கே நகர்ந்து களிக்கும் நிலக்கரிக்கும் அடியில் மாட்டிக்கொள்கிறது. மேலே மூடி, பின்னால் உயரத்திலிருந்து தள்ளுகிற தண்ணீர். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற குழாயில் ஓட்டை போட்ட மாதிரி, மூடியில் துளை விழுந்ததும் ஏறும். நெய்வேலியில் இதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்று சொல்வார்கள், 60 - 80 மீட்டர் உயரத் தண்ணீரின் பாரம் அது. சும்மா தோண்டியிருந்தால் சுரங்கத்தின் தரையே பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கி 1961இல்தான் முதல் நிலக்கரி வெளியே வந்தது. இன்றைக்கும் ராத்திரி பகலாகப் பம்பு ஓடுவது அதனால்தான்.

மற்றபடி பாறைகளைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் போருக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம், அவை தரையில் தெரிகிற இடங்களுக்குப் போங்கள். கடலூர் மணற்பாறைக்குத் திருவக்கரை, அங்கே கல்லாகிப்போன மரங்கள் அந்த மணற்பாறையில்தான் கிடக்கின்றன, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழசு. 1781இலேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் அதைப் பற்றி எழுதிவிட்டார். அதற்கும் அடியில் இருக்கிற கடல் படிவுகளைப் பார்க்க அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் காரை, கல்லங்குறிச்சி. காரையில் களிப்பாறை மழையில் அரித்து வாய்க்கால் வாய்க்காலாக நிற்கும், அம்மோனைட் என்ற, அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடல் உயிரியின் புதைபடிவம் கிடைத்த இடம். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்பில் சிப்பிகள் கைப்பிடி அளவுக்கு. பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் 1862இலேயே அந்தப் பகுதியை வரைபடம் போட்டுவிட்டார், இன்றைக்கும் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறோம். ஒன்று மட்டும், அங்கே பார்ப்பது அன்றைய கரையோரம். அதே வயதுப் பாறை உங்களுக்கு அடியில் ஆழ்கடலில் படிந்த களியாக இருக்கும், முகமே வேறாக இருக்கும். அதற்குத்தான் எண்ணெய்க்காரர்கள் களியைக் கழுவி ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணிய கடல் உயிரிகளின் ஓடுகளை மைக்ரோஸ்கோப்பில் தேடுகிறார்கள். நிறமும் மணியும் ஏமாற்றினாலும் அந்த ஓடு வயதைச் சொல்லிவிடும்.

முந்திரிக்காட்டான்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். கரித்துண்டுகளை அடுப்பில் போட்டோம். 240 அடிப் பையில் இருந்தவை பற்றிக்கொண்டன, ஈர விறகு புகைகிற வாசனை, அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு திட்டினார்கள். 255 அடிப் பையில் இருந்தவை எரியவில்லை, சாம்பல் நிறத்தில் கெட்டியாக நின்றன. அப்படியானால் நிலக்கரி மேலே கொஞ்சம், அதற்குக் கீழே கருங்களி என்று புரிந்துகொண்டேன்.

மணலையும் டீ வடிகட்டியில் கழுவிப் பார்த்தேன். சிவப்பு மணலின் துரு தண்ணீரில் முழுசாகப் போகவில்லை. ஆனால் லென்ஸில் இரண்டும் ஒரே குடும்பம் மாதிரிதான் இருக்கிறது, இரண்டிலும் அந்த வெள்ளை மாவுத் துணுக்கு. மச்சானிடம் காட்டினேன், அவர் என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார்.

மூன்றாவது போருக்கு வழி கிடைத்திருக்கிறது. தெற்கே சொந்தக்காரர் ஒருவர் அடுத்த மாதம் போடுகிறார், அந்த இடம் நம் இரண்டோடு முக்கோணமாக வரும். காமாவும் மின்தடையும் சேர்த்து லாக் எடுக்கச் சம்மதிக்க வைத்துவிட்டேன், பாதிச் செலவு என்னுடையது.

ரிக்_தம்பி:

அண்ணே, மண் எடுக்கப் பழைய உர சாக்குப் பை வேண்டாம், ஈரம் கோத்து எழுத்து அழிந்துவிடும். ஐஸ் டிரேயில் ஒரு குழிக்கு ஒரு ஆழம் என்று வையுங்கள், பெயின்ட் மார்க்கரால் எழுதுங்கள். இருபது அடிக்கு ஒன்று போதாது, பத்துக்கு ஒன்று எடுங்கள். முதல் பைப் இறங்கும்போதே கொஞ்சம் நெல் உமியைச் சேற்றில் போட்டுவிட்டு, அது திரும்ப மேலே வர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று வாட்ச்சில் பாருங்கள். ஆழம் கூடக்கூட நூறு அடிக்கு ஒரு தடவை மறுபடி போடுங்கள். நான் முதலில் சொன்ன தாமதத்தைக் கழிக்க அந்த நிமிஷம்தான் வேண்டும்.